பாதிப் பேச்சில் நின்ற கம்ப்யூட்டர்

தக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் ஓர் அறை எடுத்துக் கம்ப்யூட்டர் பழுதுபார்த்துக்கொண்டிருந்த வருஷங்களில், ஸ்க்ரூடிரைவரைவிட எனக்கு அதிகம் உதவியது என் காதுதான். கம்ப்யூட்டருக்கு என்ன கேடு என்று யாரும் நேராகச் சொல்லமாட்டார்கள். "முழிச்சுப் பாக்குது, ஆனா எந்திரிக்க மாட்டேங்குது" என்பார் ஒருவர். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்று நான் புரிந்துகொள்ள வேண்டும். ரப்பர் ஷீட் வாங்குகிற கடைக்காரர் ஒருவர், "ரெண்டு நாளா பிணங்கிட்டு இருக்கு" என்றார். போய்ப் பார்த்தால் கீபோர்டு வயர் கழன்று கிடந்தது. இந்தச் சொற்களையெல்லாம் ஒரு பழைய டைரியில் எழுதி வைப்பேன். கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் நான் படித்ததில்லை. கழற்றிப் பார்த்தும், கெடுத்தும், கெடுத்ததை யாரும் அறியாமல் சரிசெய்தும் கற்றுக்கொண்டது. அதனால் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஆளைப் பேசவிடுவது என் வழக்கம்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். ஐப்பசி மாதம். ஒரு வியாழக்கிழமை காலையில் போன் வந்தது. பெண் குரல்.

"தம்பி, நம்ம கம்ப்யூட்டருக்குப் பேச்சு நின்னு போச்சு. சனிக்கிழமைக்கு முன்னாடி அது பேசணும்."

"ஸ்பீக்கர் கேடா அக்கா?"

"அதுக்கு ஸ்பீக்கரே கிடையாதே! அது பேசுகது எங்க வீட்டு இவியளுக்குப் பதிலாக்கும்."

அப்போதுதான் எந்த வீடு என்று எனக்குப் பிடிபட்டது. திருவட்டாறு போகிற சாலையில், உள்ளே இறங்கிப் போக வேண்டிய ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர் அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு அவர் 'சார்'. ஓய்வு பெற்ற மறுவருஷமே தொண்டையில் புற்றுநோய் வந்தது. திருவனந்தபுரத்தில் குரல்வளையை எடுத்தார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார், குரல் போய்விட்டது. கழுத்தில் செய்த அறுவையில் வலது தோளும் தளர்ந்துபோனதால் பேனா பிடித்தால் கை நடுங்கும். சட்டைப் பையில் இருந்த சின்ன நோட்டில் தண்ணீருக்கு 'வெள்ளம்', டீக்கு 'சாயா' என்று ஒற்றைச் சொல் எழுதுவதற்குள் அவருக்கு வேர்த்துவிடும். விசைகளைத் தட்டுவதற்கு மட்டும் விரல்கள் பழையபடியே இருந்தன. அதனால்தான் என்னிடமிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி முன்னறையில் வைத்திருந்தார். பெரிய பெரிய எழுத்தில் அவர் அடிப்பார், எதிரே இருப்பவர்கள் எட்டிப் படிப்பார்கள். அவர் பேசுவது அப்படித்தான்.

நான் போனபோது சார் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, எழும்பாத கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரை கருப்பாக இருந்தது. அதில் வெள்ளை எழுத்தில் ஆங்கில வரிகள் சில. தொடங்குவதற்கு வேண்டிய ஒரு ஃபைல் காணவில்லை, அல்லது கெட்டுப்போய்விட்டது. வரிகளின் சாரம் அவ்வளவுதான்.

அக்கா நடந்ததைச் சொன்னார். "நேத்து அந்திக்கு இடி முழங்கிச்சா? மொத இடி கேட்ட உடனே நான் மெயினை இறக்கிட்டேன். பொறவு ஏத்தினா இது இப்பிடி நிக்குது."

எங்கள் பக்கத்தில் ஐப்பசியில் மாலைதோறும் இடி உண்டு. தென்னையும் ரப்பரும் வீட்டை ஒட்டியே நிற்கும். எந்த மரத்தில் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. அதனால் முதல் முழக்கத்திலேயே வீட்டில் யாராவது ஒருவர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார்கள். யோசிக்க மாட்டார்கள், கை தானாகப் போகும். டிவி தப்பும், பிரிட்ஜ் தப்பும். கம்ப்யூட்டர் மட்டும் தப்பாது. அதை நிறுத்துவதாக இருந்தால் அதனிடமே சொல்லி, அது எழுதிக்கொண்டிருப்பதை எழுதி முடிக்கவிட்டு நிறுத்த வேண்டும். நடுவில் பிடுங்கினால், எழுதிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று பாதியில் நிற்கும். ஒரு நாள் தாங்கும், இரண்டு நாள் தாங்கும். ஐப்பசி முழுவதும் தாங்குமா?

சார் நோட்டை எடுத்தார். நடுங்கி நடுங்கி ஒரு சொல் எழுதி என்னிடம் நீட்டினார். 'வேண்டுமென்றே.'

அக்கா எட்டிப் பார்த்துவிட்டார். "வேணும்னா? நான் வேணும்னா இறக்கினேன்? பாத்துக்கிடுங்க தம்பி. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தோம்..."

சார் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒன்றோடொன்று மோதிக் காட்டினார்.

"செரி, சண்டைதான். இவிய ஒரு வரி அடிக்கதுக்குள்ள நான் பத்து வரி பேசிருவேன், அது உள்ளதுதான். அதுக்கு இடியை நானா வரச் சொன்னேன்?"

சண்டை எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே அக்கா சொன்னார். சொல்லும்போது சார் சரியான இடங்களில் தலையாட்டினார், தவறான இடங்களில் மேஜையைத் தட்டினார். அதனால் எனக்கு முழுக் கதையும் கிடைத்தது.

அவர்களுக்கு ஒரே மகள். தக்கலையில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நாகர்கோவிலுக்கு அந்தப்பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பையன் வளைகுடாவில் இருக்கிறான், லீவில் வந்திருக்கிறான். எல்லாம் பொருந்தியிருக்கிறது. பையனின் அம்மா மட்டும், கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கவேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். சாருக்கு அதில் சம்மதமில்லை. அக்காவின் அண்ணனோ, "அதெல்லாம் கல்யாணத்துக்குப் பொறவு பாத்துக்கிடலாம், இப்போ வாயைத் திறக்காண்டாம்" என்கிறார். சார் பேசாவிட்டால் சனிக்கிழமை பேசப்போவது அந்த மச்சான்தான்.

"இவிய வாயைத் திறந்தாலும் ஒண்ணும் வராதுன்னு அண்ணனுக்குத் தெரியும்," என்றார் அக்கா. "எனக்கெ அண்ணன் பேசினாலும் காரியம் நடக்கும் தம்பி. ஆனா அப்பன் இவியளாக்கும்."

சனிக்கிழமை சொல்ல வேண்டியதை இரண்டு வாரமாக அடித்து அடித்துத் திருத்தி, அந்தக் கம்ப்யூட்டரில்தான் வைத்திருந்தாராம் சார்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் இரண்டு மணி நேரத்தில் வேலை முடியும் என்றேன். "அப்போ அதச் செய்யுங்க" என்றார் அக்கா. சார் எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை நடுங்கும் என்று சொன்னேன் அல்லவா, பிடித்த பிடியில் நடுக்கமே தெரியவில்லை. அழிக்காமல் பார்க்கிறேன் சார் என்று சொன்ன பிறகுதான் விட்டார்.

அக்கா பெட்டியைப் பழைய பெட்ஷீட்டில் பொதிந்து என் மொபெட்டின் முன்னால் வைத்துக் கட்டினார். "பைய போங்க. தக்கலை ரோட்டில குழி கண்டா இறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க."

கடையில் வந்து உட்கார்ந்ததும்தான் என் வண்டவாளம் எனக்கே தெரிந்தது. அந்தக் கம்ப்யூட்டர்களில், கெட்டுப்போனால் முந்தைய நல்ல நாளுக்குத் திரும்பிப் போக ஒரு வசதி இருந்தது. அவ்வப்போது தன்னைத்தானே நகலெடுத்து ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்ளும். அது கொஞ்சம் இடத்தைத் தின்னும். இடம் மிச்சமாகட்டும் என்று அன்று நாங்கள் எல்லாரும் விற்கும்போதே அந்த வசதியை அணைத்துவிடுவோம். நானும் அணைத்திருந்தேன். அக்கா மெயினை இறக்கியது ஒரு தவறு என்றால், இறக்கினாலும் தப்பிக்க இருந்த வழியை முன்கூட்டியே அடைத்தவன் நான். இதை அந்த வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. இப்போது சொல்லியாயிற்று.

மிச்சமிருந்தது ஒரே வழி. கம்ப்யூட்டரில் முதன்முதலாக எல்லாவற்றையும் போட்ட அன்று, அது தன் குறிப்பேட்டின் நகல் ஒன்றை ஒரு ஃபோல்டரில் ஒதுக்கி வைத்திருக்கும். குறிப்பேடு என்று நான் சொல்வது, எந்தப் பாகம் எங்கே இருக்கிறது, எந்தெந்த வசதிகள் போடப்பட்டிருக்கின்றன என்று அது காலையில் எழும்போது படித்துக்கொள்கிற ஐந்து ஃபைல்களை. அந்த ஐந்தும் கெட்டால் தான் யார் என்றே அதற்குத் தெரியாது. கெட்ட ஐந்தையும் பத்திரமாக வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, முதல் நாள் நகலை அந்த இடத்தில் வைக்கவேண்டும். சி.டி. போட்டு, கருப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையாக அடிக்கவேண்டும். ஓர் எழுத்து பிசகினால் முறைத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் ஹார்டு டிஸ்க் முழுவதையும் சோதிக்கச் சொல்லிவிட்டு, அது மெதுவாக நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று சாயா குடித்தேன். பாதியில் கொஞ்ச நேரம் நகரவே இல்லை. அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் பயமாக இருந்து, பஸ் நிலையத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

சாயங்காலம் எழும்பியது. நான் விற்ற அன்று இருந்த அதே வெறுந்திரை. சார் இரண்டு வருஷம் பழக்கிய எதுவும் அதற்கு நினைவில்லை. ஆனால் அவருடைய ஃபைல்கள் எல்லாம் வேறொரு மூலையில் கிடந்தன. தேடினேன். ஒரே ஒரு ஃபைல்தான் இருந்தது. 'பேச்சு' என்று பெயர். இரண்டு வருஷமாக ஒவ்வொரு நாளும் புதிதாகத் திறக்காமல், அதே ஃபைலில் கீழே கீழே பேசிக்கொண்டே போயிருக்கிறார்.

வாடிக்கையாளர் ஃபைலைப் படிக்கக்கூடாது என்பது என் கொள்கை. திறக்கிறதா என்று மட்டும் பார்க்கத் திறந்தேன். பிறகு, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, பத்துப் பக்கம் படித்துவிட்டேன். முப்பது வருஷம் அலுவலகக் கடிதம் அடித்த விரல் அல்லவா, வீட்டிலும் அதே நடைதான்.

'குழம்பில் உப்பு குறைவு. கவனிக்கவும்.'

'நான் அவ்வாறு கூறவில்லை.'

'கூறினேன். அப்பொருளில் அல்ல.'

'மேற்படி உன் அண்ணன் குறித்து இன்று பேச விரும்பவில்லை.'

அக்கா சொன்னது எதுவும் அதில் இல்லை. ஒருவர் பேச்சு மட்டும்தான். ஆனால் இந்தப் பக்கத்து வரியைப் படித்தால் அந்தப் பக்கத்துச் சத்தம் காதில் விழுந்தது. 'அவ்வாறு கூறவில்லை'க்கும் 'கூறினேன்'க்கும் நடுவில் அக்கா எவ்வளவு பேசியிருப்பார் என்று நினைத்து, ஆளில்லாத கடையில் தனியாகச் சிரித்தேன். மனிதர்கள் பேசுவதை ஓடி ஓடிப் பொறுக்குகிறவன் நான். குரல் இருக்கிறவர்களிடமிருந்து மட்டும்தான் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைசிப் பக்கங்களுக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. கட்டம், கேள்விக்குறி, கட்டம், கட்டம். மெயின் இறங்கிய நேரத்தில் திறந்திருந்த பகுதி அது. இரண்டு வருஷத்து உப்பும் புளியும் அப்படியே இருந்தன. சனிக்கிழமைக்கென்று அடித்து வைத்தது மட்டும் போய்விட்டது. எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தேன். வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கொண்டுபோய் மாட்டினேன். சார் நேராக ஃபைலின் அடிக்குப் போனார். கட்டங்களைப் பார்த்தார். மேலே போனார், மறுபடி கீழே வந்தார். "அது போயிட்டு சார். மத்ததெல்லாம் இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, அதன் கீழே ஏதோ சொல்ல அடிக்கத் தொடங்கினார்.

திரையில் வந்தது தமிழ்தான், ஆனால் எந்த ஊர்த் தமிழும் இல்லை. மெய்யெழுத்தும் கொம்பும் காலுமாகக் கலந்து கிடந்தது.

"இது என்ன பாஷை தம்பி?" என்றார் அக்கா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பு அதில் தமிழ் அடிக்கிற வசதியைப் போட்டுக் கொடுத்தவர் சாரோடு வேலை பார்த்த நண்பர். குறிப்பேடு முதல் நாளுக்குப் போனதில் அது மறந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாக நான் கடையில் வைத்திருந்த வேறொரு தமிழைப் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். 'அம்மா' வேண்டுமென்றால் ஆங்கில எழுத்துகளில் அம்மா என்று அடிக்கிற முறை அது. சாரின் விரல்களுக்குத் தெரிந்தது பழைய தட்டச்சு இயந்திரத்தின் விசை வரிசை. கண்ணை மூடிக்கொண்டும் அடிப்பார், ஆனால் அந்த வரிசையில் மட்டும்தான். அவர் இரண்டாம் முறை அடித்துப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் எழும்பாமல் கிடந்த நாளில்கூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

மகள் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். சோற்றுக் கையோடு வந்து எங்கள் பின்னால் நின்று, நான் திரையில் ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அந்தப் பட்டியல்ல மூணாவதா என்னமோ தட்டச்சுன்னு கிடக்கே, அது என்னது?"

ஒரு வருஷமாக நான் பலருக்கும் போட்டுக்கொடுத்த தமிழ் அது. அதற்குள் அப்படி ஒரு வரி இருப்பதை அன்றுதான் பார்த்தேன். அமுக்கினேன். சார் விரலை வைத்தார்.

'பழுது நீக்கித் தந்தமைக்கு நன்றி.'

"எனக்கெ கிட்டயும் இப்பிடித்தான் தம்பி," என்றார் அக்கா. "புருசன் பேசுகதா, கலெக்டர் ஆபீஸ்ல இருந்து கடுதாசி வருகதா, ஒண்ணும் தெரியாது."

'புதன்கிழமை மாலை நீ இடையில் நிறுத்தியது தொடர்பாக...'

"பாத்தியளா! தொடங்கியாச்சு!" அக்காவுக்குக் கோபம்போல இருந்தது. ஆனால் அடுக்களைக்குப் போகவேண்டியவர் போகாமல் அங்கேயே நின்று அடுத்த வரிக்குக் காத்திருந்தார்.

கடையில் கிடந்த பழைய யூபிஎஸ் ஒன்றையும் கொண்டுபோயிருந்தேன். மின்சாரம் போனாலும் பத்து நிமிஷம் தாங்கும், அதற்குள் முறையாக நிறுத்திவிடலாம், நீங்கள் எப்போதும்போல மெயினை இறக்கிக்கொள்ளலாம் என்றேன். "அப்போ இருட்டுக்குள்ளயும் பத்து நிமிசம் பேசுவாரு" என்றார் அக்கா.

சனிக்கிழமைக்கானதைத் திரும்ப எழுதிவிட முடியுமா என்று கேட்டேன். 'இரண்டு வாரம் எழுதியது. ஒரு நாளில் வராது' என்று அடித்தார். கொஞ்சம் கழித்து, 'நாளை தாங்கள் உடனிருக்கவும்' என்று அடித்தார். கம்ப்யூட்டர் மறுபடி மக்கர் பண்ணினால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் அல்லவா?

சனிக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். யூபிஎஸ் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். மாப்பிள்ளையும் அவனுடைய அப்பா அம்மாவும் எதிரே நாற்காலியில். அக்காவின் அண்ணன் சாருக்குப் பக்கத்தில், தோளோடு தோளாக. நல்ல உயரம், மணி போன்ற குரல், சபையில் மூப்பர். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. திருவனந்தபுரத்தில் சார் கிடந்த நாளெல்லாம் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தவர் அவர்தான்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் நல்ல காரியம் எதையும் ஜெபம் பண்ணாமல் தொடங்கமாட்டார்கள். அன்று ஜெபித்தவர் அண்ணன். வானத்தையும் பூமியையும் படைத்ததில் தொடங்கி இரண்டு குடும்பத்தையும் ஆசீர்வதித்து, பிறகு அதே குரலில், "இந்தப் பிள்ளை தன் சோலியெல்லாம் விட்டு, புகுந்த வீட்டையே தன் ஊழியமாக நினைத்து நடத்த வேண்டிய கிருபையைத் தாரும் ஆண்டவரே" என்றார். எல்லாரும் தலைகுனிந்து கண்ணை மூடியிருக்கிற நேரம். ஜெபத்தின் நடுவில் யார் குறுக்கே பேசுவார்கள்? ஊரில் பல வழக்குகள் இப்படித்தான் ஜெபத்திலேயே முடிந்துபோகும். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். சாருக்கு இரண்டு கண்ணும் திறந்திருந்தது. ஆமென் சொல்லும்போது மாப்பிள்ளையின் அம்மா குரல்தான் முன்னால் நின்றது. சார் சொல்லவில்லை. அவர் சொல்லாததை யாரும் கவனிக்கவும் இல்லை.

சாயாவும் ஏத்தன் வாழைக்காய் சிப்ஸும் வந்தன. மாப்பிள்ளையின் அப்பா சாரைப் பார்த்து, கடலுக்கு அப்பால் நிற்கிறவரைக் கூப்பிடுவதுபோல, "சொகமா இருக்கியளா?" என்று கத்தினார்.

'செவி நன்றாக உள்ளது. நலம்' என்று சார் அடித்தார்.

திரை எங்களைப் பார்த்து இருந்தது. வந்தவர்களுக்குத் தெரியாது. அண்ணன் குனிந்து படித்தார். "சொகமா இருக்கேன்னு சொல்லுகாரு."

சரி, மரியாதைக்கு ஒரு வரியை விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். சார் மறுபடி விரலை வைத்தார். இந்த முறை நிதானமாக அடித்தார்.

'என் மகள் வேலையை விடமாட்டாள். இதற்கு இசைந்தால் மேற்கொண்டு பேசலாம்.'

அண்ணன் அதைப் படித்தார். ஒருமுறை தொண்டையைச் செருமினார். "பிள்ளைக்கு சோலின்னா இஷ்டந்தான், ஆனா மத்ததெல்லாம் ஒங்க வீட்டு முடிவுன்னு சொல்லுகாரு."

சார் மச்சானைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா கதவோரம் நின்றிருந்தார். கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். "அண்ணே, அப்பிடியா போட்டிருக்கு?"

"நீ சும்மா இரி. கண்ணாடி இல்லாம ஒனக்கு என்ன தெரியும்?"

எனக்குத் தெரிந்தது. ஒன்றரை முழத்தில் உட்கார்ந்து நான் படித்துக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லா இடத்திலும் வாயைத் திறக்கிறவன், அன்று திறக்கவில்லை. பழுதுபார்க்க வந்தவன், பெண் பேசுகிற இடத்தில் என்ன சொல்வது? அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையா, வெறும் பயமா என்று இப்போதும் தெரியவில்லை.

சார் எழுந்தார். திரை அந்தக் காலத்து மானிட்டர். பின்னால் கூனோடு, ஓர் ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துத் திருப்பத் தொடங்கினார். தளர்ந்த தோள் இறங்கியது, வயர் இழுத்துப் பிடித்தது. நான் மேஜைக்கு அடியில் புகுந்து வயரைத் தளர்த்திக் கொடுத்தேன். வாயால் செய்யாததற்கு அதையாவது செய்தேன். திரை வந்தவர்களைப் பார்த்துத் திரும்பியது. சாருக்கு முன்னால் இப்போது அதன் முதுகுதான் இருந்தது.

அவர் உட்கார்ந்து, விரல்களை வரிசையில் வைத்து, மாப்பிள்ளை வீட்டாரின் முகத்தைப் பார்த்தபடியே அடித்தார். இடப்பக்கத்தில் தாளை வைத்துக்கொண்டு, அடிப்பதைப் பார்க்காமலே முப்பது வருஷம் அடித்த மனிதர். அவருக்குத் திரை எதற்கு?

நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். முதலில் அடித்த அதே இரண்டு வாக்கியம்தான்.

மாப்பிள்ளையின் அப்பா ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும் அவருடைய மனைவி அண்ணனைப் பார்த்தார். "அப்போ நீங்க வேறே மாதிரி சொன்னியளே?"

"இல்ல, நான் ஒரு மரியாதைக்கு..."

விசைகள் மறுபடி பேசின. 'மச்சான் நல்லவர். எங்கள் நலம் கருதியே கூறினார். ஆனால் கூறியது நான் அல்ல.'

அண்ணன் நாற்காலியில் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தார். அதற்குப் பிறகு அவர் திரையை எட்டிப் பார்க்கவில்லை.

"பிள்ளை சோலிக்குப் போனா வீட்டை யாரு பாப்பா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "இவன் அங்ஙன போய்க் கிடக்கான்."

'தற்போது யார் பார்க்கிறார்கள்?'

மாப்பிள்ளையின் அப்பா அதைப் படித்துவிட்டு வெடித்துச் சிரித்தார். "நானாக்கும் பாக்கேன்! காலம்பற வெள்ளம் கோருகது முதக்கொண்டு நான்தான்!"

"ஒங்களுக்கு எப்பவும் சிரிப்பு" என்று அந்த அம்மா கடிந்துகொண்டார். ஆனால் அவர் உதட்டோரமும் நிற்கவில்லை. அதுவரை பேசாதிருந்த பையன், "அம்மா, நாகர்கோவில்ல இருந்து தக்கலைக்கு எப்பப் பாத்தாலும் பஸ் உண்டும்மா" என்றான்.

அந்த அம்மா திரையைக் கையால் காட்டினார். "வாயால சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசிப் பாத்திருப்பேன். இப்பிடி முன்னாடி எழுதி வச்சுக்கிட்டு இருந்தா நான் என்னத்தச் சொல்ல? செரி, போய்ட்டுச் சொல்லியனுப்புகோம்."

சொல்லியனுப்பினார்கள். கல்யாணம் தை மாதம் நடந்தது. அந்தப் பெண் காலையில் நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து தக்கலையில் இறங்கி ஓடுவதை என் மாடியிலிருந்து பல நாள் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைய நாள் வந்தவர்கள் போனதோடு முடியவில்லை.

அண்ணனும் அக்காவும் அவர்களைச் சாலைவரை கொண்டுவிடப் போனார்கள். மகள் வந்து சாயாக் கிளாஸ்களை எடுக்கத் தொடங்கினாள். திரை இன்னும் காலி நாற்காலிகளைப் பார்த்தபடிதான் இருந்தது. சார் அதைத் திருப்பாமலே அடித்தார். சத்தம் கேட்டு அவள் கிளாஸோடு நின்று படித்தாள். நானும் படித்தேன்.

'உன்னைக் கேட்காமலே உன் சார்பில் கூறப்பட்டது. தவறு என்னுடையது.'

"கேட்டிருந்தாலும் நான் இதத்தான் சொல்லியிருப்பேன்ப்பா," என்றாள்.

சார் முகம் தெளிந்தது. விரலை மறுபடி விசைக்குக் கொண்டுபோனார்.

"இரிங்க, நான் முடிக்கல்ல. ஆனா கேட்டிருக்கலாம். மாமாவும் கேக்கல்ல, நீங்களும் கேக்கல்ல. அந்த மாப்பிள்ளைகூட ஒங்ககிட்டத்தான் பஸ் கணக்குச் சொல்லுகாரு."

சார் விரலை எடுத்துவிட்டார். என்னைப் பார்த்தார். நான் என் பைக்குள் எதையோ தேடினேன்.

அவள் கிளாஸ்களைத் தரையில் வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியில், திரைக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"இப்போ கேளுங்க. பையப் பைய அடிங்க, நான் எங்கயும் போகல்ல."

எனக்கு அங்கே வேலை ஒன்றும் மிச்சமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கும்போது அவர் அடிக்கத் தொடங்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் அடித்தார், நிறுத்தினார். அவள் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. மறுபடி அடித்தார்.